மடித்து ஒட்டிய முனை

"திருடன் நல்லா வளர்ந்த பிள்ளை மேடம்," என்றான் டமாரம். "பொட்டலத்தைப் பிரிச்சு, வேண்டியதை எடுத்துட்டு, பழையபடி ஒட்டி வெச்சிருக்கான். எங்க வீட்ல பற்பசை மூடியைக்கூட யாரும் திரும்பப் போடுறதில்லை."

சர்வேயர் தலை நிமிரவில்லை. மேசை விளக்கைத் தாழ்த்தி, பொட்டலத்தைச் சுற்றி வந்த பபிள் ஷீட்டில் ஒட்டியிருந்த டேப்பை உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் நனைந்த சரக்கையும் நசுங்கிய பெட்டியையும் பார்த்து, இதில் யார் சொல்வது பொய் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். அந்த வேலையை விட்டுத் துப்பறிய வந்த பிறகும் சர்வேயர் என்ற பெயர் மட்டும் விடவில்லை.

அவருடைய உதவியாளன் டமாரத்துக்கு அந்தப் பெயரை வைத்தவன் எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. இப்போது இந்தக் கடையின் முதலாளி. ஜப்பானிய ஆன்லைன் கடைகளில் பழைய வீடியோ கேம்களைத் தேடி வாங்கி, கேட்கிறவர்களுக்கு விற்கிற கடை. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் நீளமான ஓர் அறை. ஜன்னல் கண்ணாடி முழுவதும் கறுப்புத் தாள். வெயில் பட்டால் கேம் உறைகளின் முதுகில் சிவப்பு மை முதலில் வெளுக்கும். வெளுத்த முதுகைச் சேகரிப்பாளர்கள் கையால் தொடமாட்டார்கள். அதனால் பட்டப்பகலிலும் அங்கே விளக்கு எரிந்தது.

"நடந்ததை இன்னொரு தடவை சொல்லுங்க," என்றார் சர்வேயர்.

"பல் டாக்டர் ஒருத்தர், நம்ம பழைய கஸ்டமர்," என்று ஆரம்பித்தான் கடைக்காரன். "ஒரு கேமுக்காக ஏங்கிட்டு இருந்தார். கலங்கரை விளக்கம்தான் கதை. விளக்கு ஏத்தணும், கப்பல் வருதான்னு பார்க்கணும், அவ்வளவுதான். சண்டை கிடையாது."

"அப்புறம் எவன் வாங்குவான்?" என்றான் டமாரம்.

"எவனும் வாங்கல. அதனாலதான் இப்ப கிடைக்க மாட்டேங்குது. போன மாசம் ஒரு ஜப்பான் கடையில ஒண்ணே ஒண்ணு வந்துச்சு. என் மச்சான்தான் பார்த்தான். அந்தக் கடைக்காரங்க வெளிநாட்டுக்கு அனுப்ப மாட்டாங்க. அங்கேயே ஒரு கிடங்குல நமக்கு முகவரி இருக்கு. வாங்குறதெல்லாம் அங்க சேர்ந்து, ஒரே பெட்டியா இங்க வரும். வந்துச்சு. பெட்டியைப் பிரிச்சோம். உள்ளே இருக்கிற சின்னப் பொட்டலத்தைப் பிரிக்க மாட்டோம். கஸ்டமர் கண்ணு முன்னாடிதான் பிரிப்போம், அது நம்ம கடை வழக்கம். டாக்டர் மறுநாள் வந்தார். மச்சான் பிரிச்சான். உறை சரி, உள்ளே இருக்கிற புத்தகம் சரி, முதுகுல சுத்தின காகிதப் பட்டைகூட சரி. டிஸ்க்கை எடுத்தா, பேஸ்பால்."

"பேஸ்பாலா?"

கடைக்காரன் மூலையிலிருந்த பிரம்புக் கூடையைக் காட்டினான். தள்ளுபடிக் கூடை. ஒரே மாதிரியான பச்சை உறைகள் குவிந்து கிடந்தன. "பழைய பேஸ்பால் கேம். அங்க கிலோக் கணக்குல தள்ளி விடுவாங்க. இங்க சும்மா கொடுத்தாலும் ஆள் இல்லை. டாக்டர் முகத்தை நீ பார்க்கணுமே. இன்னைக்கு கிளினிக் முடிஞ்சதும் போலீசுக்குப் போறேன்னுட்டார். மச்சான் பேர்லதான் கொடுக்கப் போறார்."

"உங்க மச்சான்தான்னு அவருக்கு யார் சொன்னது?"

"நான்தான் சொன்னேன் மேடம். பார்சல் வேலை பூரா அவன் கையிலன்னு. பொய் சொல்ல முடியுமா?" குரல் தழுதழுத்தது. "வீட்ல என் பொண்டாட்டி ஒரே ரகளை. என் தம்பி மேல போலீஸ் கை வைக்கிறதுக்கு முன்னாடி வேற யாராவது பார்க்கட்டும்னு அவ பிடிவாதம் பிடிச்சா. எனக்கு யாரைத் தெரியும்? இவனைத்தான் தெரியும்."

டமாரம் அவன் தோளில் கை வைத்தான். காலையில் அலுவலகத்தில் சர்வேயர் இந்த வழக்கு வேண்டாம் என்றுதான் சொன்னார். குடும்பச் சண்டைக்குள் தலையைக் கொடுத்தால் இரண்டு பக்கமும் அடி விழும் என்றார். டமாரம்தான் விடவில்லை. என் நண்பன் மேடம், அவன் சொன்னால் சொன்னதுதான், அதற்கு நான் பொறுப்பு என்றான். பல் டாக்டருக்கும் போன் செய்து அதையே சொல்லி, மாலை வரை பொறுக்கச் சொல்லியிருந்தான்.

"அனுப்பினவங்களே மாத்தி வெச்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டான்.

"பங்காளி, அவங்க டிஸ்க்குல தலைமுடி அளவு கீறல் இருந்தாலே அதைப் போட்டோ எடுத்து, மன்னிப்புக் கேட்டு எழுதுறவங்க."

"இங்கேதான் பிரிச்சிருக்காங்க," என்றார் சர்வேயர்.

டேப்பின் நுனியைச் சாமணத்தால் பிடித்துக் காட்டினார். விரல்நகம் அளவுக்கு உள்பக்கமாக மடிந்திருந்தது. ஜப்பானியக் கடைக்காரர்கள் ஒட்டி முடித்ததும் டேப்பின் முனையை மடித்து விடுவார்கள். வாங்குகிறவர் முனையைத் தேடி நகத்தால் சுரண்ட வேண்டாம். மடிப்பைப் பிடித்து இழுத்தால் சத்தமில்லாமல் வந்துவிடும்.

"மரியாதைக்காக மடிச்சது. திருடனுக்கு வசதியாப் போச்சு," என்றார். "இழுத்திருக்கான். வேலை முடிஞ்சதும் அதே இடத்துல ஒட்டியிருக்கான். ஆனா நடுவுல டேப் எதிலேயோ பட்டிருக்கு. பசையில கறுப்புப் பஞ்சு."

டமாரம் சுற்றிலும் பார்த்தான். அறையின் கோடியில் கேம்களை ஓட்டிப் பார்க்கும் மேசை. அதன் மேல் கறுப்பு வெல்வெட் விரிப்பு.

"டிஸ்க் கீறாம இருக்கிறதுக்காக விரிச்சது," என்றான் கடைக்காரன் மெல்ல. "மச்சானோட மேசை."

"கடைச் சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட, அவ கிட்ட, மச்சான் கிட்ட."

"நீங்க அந்த மேசையில உட்காருவீங்களா?"

"நானா? மருந்துக் கடைக்காரன் எல்லா மாத்திரையையும் முழுங்கியா பார்க்கிறான்? வாங்குவேன், விப்பேன். விளையாட்டெல்லாம் நமக்கு ஆகாது."

"அதுக்கு நான் சாட்சி மேடம்," என்றான் டமாரம். "பள்ளிக்கூட நாள்ல கார் பந்தயம் போட்டா, முதல் திருப்பத்துலேயே சுவர்ல மோதிட்டு, சுவர் ஏன் இங்க இருக்குன்னு கேப்பான்."

கடைக்காரன் சிரிக்க முயன்றான். முடியவில்லை.

* * *

மைத்துனன் கீழே படிக்கட்டில் அக்காவோடு உட்கார்ந்திருந்தான். கூப்பிட்டதும் தனியாக வந்தான். ஒல்லியான உடம்பு, இரண்டு நாளாகத் தூங்காத கண்கள். கடைக்காரனைச் சர்வேயர் கீழே போய் இருக்கச் சொன்னார். வாசலில் இருவரும் எதிரெதிராக வந்தபோது ஒருவரை ஒருவர் பார்க்காமல் தோளை ஒடுக்கிக்கொண்டு கடந்தார்கள்.

"தம்பி, ஜப்பான் பாஷை எங்க படிச்சீங்க?" என்று ஆரம்பித்தான் டமாரம்.

"நானா படிச்சதுதான் அண்ணே. கடைக்காரங்களோட எழுதி எழுதி வந்துடுச்சு."

"டிஸ்க்கை நீங்கதான் எடுத்தீங்களா?"

"இல்லை."

"வேற யாரு?"

"தெரியாது. மாமா என்னைச் சொல்றார். என்னைச் சொல்லிட்டாரேன்னு தான் வலிக்குது. வேற யாராவது சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன்."

சர்வேயர் மேசை மேலிருந்த பழைய விளையாட்டுக் கருவியைப் பார்த்தார். "இது ஜப்பான் மெஷின்தானே? போடுங்க, பார்க்கலாம்."

அவன் போட்டான். திரையில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்துகள். டமாரம் கைப்பிடியை வாங்கி, பழக்கப்பட்ட இடத்தில் கட்டைவிரலை வைத்து அமுக்கினான். திரை பின்னால் போனது. மறுபடி அமுக்கினான். மறுபடியும் பின்னால் போனது.

"உங்க மெஷினுக்கு என்னைப் பிடிக்கல தம்பி."

"நீங்க பெருக்கல் குறியை அமுக்குறீங்க. நம்ம ஊர் மெஷின்ல பெருக்கல்தான் ஆமாம், வட்டம் வேண்டாம். அங்க தலைகீழ். வட்டம்தான் ஆமாம். பரீட்சைத் தாள்லகூட சரியான விடைக்கு அங்க வட்டம்தான் போடுவாங்க."

"அநியாயம்," என்றான் டமாரம். "எங்க வாத்தியார் எனக்குப் போட்டது பூரா வட்டம்தான். அங்க பிறந்திருந்தா வகுப்புக்கே நான்தான் முதல்."

இரண்டு நாளில் முதல் தடவையாக அந்தப் பையனின் உதடு கொஞ்சம் விரிந்தது. சர்வேயர் கருவியில் செருகியிருந்த சின்ன அட்டையைத் தொட்டார். "இது?"

"மெமரி கார்டு. ஆட்டத்தைப் பாதியில நிறுத்தினா எதுவரைக்கும் ஆடினோம்னு இதுல பதிஞ்சிருக்கும்."

"என்னென்ன பதிஞ்சிருக்கு? படிச்சுச் சொல்லுங்க."

அவன் வரிசையாகப் படித்தான். குதிரைப் பந்தயம். ரயில் ஓட்டுகிற விளையாட்டு. பூதங்களை வளர்க்கிற விளையாட்டு. அடுத்ததற்கு வந்தபோது வாய் நின்றது. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு திரைக்கு மூக்கு படும் அளவுக்குக் குனிந்தான்.

"என்ன?"

"கலங்கரை விளக்கம்," என்றான். "இங்க இருக்கு. யாரோ ஆடியிருக்காங்க. மூணாவது புயல் வரைக்கும் போயிருக்காங்க."

"அந்தக் கேம் இந்தக் கடைக்கு இதுக்கு முன்னாடி வந்திருக்கா?"

"வந்ததே இல்லை மேடம். நான் படத்துலதான் பார்த்திருக்கேன்."

"ஆடினவர் பேர் இருக்குமா?"

"இருக்கு. அ, அ, அ, அ."

"பயத்துல கத்தியிருக்கான் போல," என்றான் டமாரம்.

"அது பேர் இல்லை அண்ணே. பேர் போடுற இடத்துல எல்லா எழுத்தும் வரிசையா இருக்கும். முதல் எழுத்து மேலேயே குறி நிக்கும். படிக்கத் தெரியாதவங்க, இல்லை அவசரக்காரங்க, ஆமாம் பட்டனையே தட்டிக்கிட்டுப் போவாங்க. நாலு தட்டினா நாலு முதல் எழுத்து விழும். பேர் முடிஞ்சிடும்."

சர்வேயர் அவனைக் கீழே அனுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "என்ன நினைக்கிறே?"

"பையன் கெட்டிக்காரன். படிக்கத் தெரிஞ்சவன் படிக்கத் தெரியாத மாதிரி பேர் போட்டிருக்கான்."

"அப்படின்னா இப்ப ஏன் நமக்குப் படிச்சுக் காட்டினான்? திரையில இருந்தது நம்ம ரெண்டு பேருக்கும் கோலம் மாதிரிதான். மாட்டுப் பண்ணைன்னு சொல்லியிருந்தாலும் நான் தலையாட்டியிருப்பேன். அவன் நினைச்சிருந்தா ஒரே வார்த்தையில மறைச்சிருக்கலாம்."

டமாரத்துக்குச் சுருக்கென்றது. ஆனால் பையன் இல்லையென்றால் மீதி இரண்டு சாவிதான். "அப்ப அந்த அக்காதான் மேடம். தம்பி மேல என்ன கோபமோ."

"இன்னொரு சாவியை விட்டுட்டே."

"அவன் கணக்குல வரமாட்டான்."

"ஏன்?"

"எனக்குத் தெரியும் மேடம். அவ்வளவுதான்."

சர்வேயர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "டிஸ்க்கை எடுத்தவன் மூணாவது புயல் வரைக்கும் ஆடியிருக்கான். விக்கிறதுக்கு எடுத்தவன் அவ்வளவு நேரம் உட்கார மாட்டான். ஆடத் தெரிஞ்சவன், டிஸ்க்கைத் தூக்கிப் போட மனசு வராதவன். இங்கேயேதான் இருக்கும். நான் தேடுறேன். நீ உன் நண்பனை மேல கூப்பிட்டு அந்தப் பக்கம் உட்கார வை. என் காதுகிட்ட ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருக்காதீங்க."

* * *

வாசல் பக்கத்தில் வாடிக்கையாளர்கள் காத்திருக்க ஒரு சோபாவும், நம் ஊரில் விற்கிற சாதாரண விளையாட்டுக் கருவி ஒன்றும் இருந்தன. டமாரம் ஒரு கைப்பிடியைத் தூக்கிக் கடைக்காரன் மடியில் போட்டான்.

"ஒரு பந்தயம் போடலாம், வா."

"இப்பவா? எனக்கு உயிரே போயிட்டு இருக்கு."

"அதனாலதான் சொல்றேன். சும்மா உட்கார்ந்தா கண்டதும் தோணும். உனக்குத்தான் சுவர் காத்துக்கிட்டு இருக்கே."

திரையில் இரண்டு கார்கள் வந்தன. தொடங்கலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டது. கடைக்காரன் அமுக்கினான். திரை பின்னால் போனது.

"அவசரப்படாதே," என்று டமாரம் மறுபடி அதே இடத்துக்குக் கொண்டுவந்தான். கடைக்காரன் மறுபடி அமுக்கினான். மறுபடியும் பின்னால் போனது.

"இந்த மெஷின் பழசு," என்றான் கடைக்காரன்.

"உன் கை பழசு. கொடு, நான் ஆரம்பிக்கிறேன்."

கார்கள் பாய்ந்தன. முதல் திருப்பம் வந்தது. டமாரம் கேலிக்கு வாயைத் திறந்தான். பக்கத்துக் கார் வேகத்தை லேசாகக் குறைத்து, சுவரை உரசாமல், வெண்ணெயில் கத்தி போல் திரும்பிச் சென்றது. இரண்டாவது திருப்பமும் அப்படியே. திறந்த வாயை டமாரம் மூடிக்கொண்டான். மூன்றாவது திருப்பத்தில்தான் கடைக்காரனுக்கு ஏதோ நினைவு வந்த மாதிரி இருந்தது. நேரான சாலையில் போய்க்கொண்டிருந்த கார் திடீரென்று சுவரில் போய் முட்டி நின்றது.

"பார்த்தியா," என்றான் கடைக்காரன். "எனக்கு வராதுன்னு சொன்னேன்ல."

மறுபடி ஆடலாமா என்று திரை கேட்டது.

"ஆடலாமா?" என்றான் டமாரமும்.

"ம். ஆடலாம்."

கடைக்காரனின் கட்டைவிரல் இறங்கியது. ஆட்டம் மூடிக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

"வேண்டாமா?"

"வேணும்டா. ஆமாம்னுதானே அமுக்கினேன்."

"எதை அமுக்கினே?"

கடைக்காரன் தன் கட்டைவிரலைக் குனிந்து பார்த்தான். அது வட்டத்தின் மேல் இருந்தது. மெல்ல எடுத்துப் பெருக்கல் குறியின் மேல் வைத்தான். யாராவது பார்ப்பதற்குள் நாற்காலி மாறி உட்காருகிற ஆள் மாதிரி.

டமாரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கேலி ஒன்று நாக்கு நுனியில் வந்து நின்றது. அது என்னவென்று பிற்பாடு யோசித்தபோது அவனுக்கு நினைவு வரவில்லை. தெரியாத ஆள் எந்தப் பட்டன் என்று கேட்பான். நம் ஊர் மெஷினில் ஆடியவன் பெருக்கலை அமுக்குவான். கேட்காமல், யோசிக்காமல், மூன்று தடவையும் வட்டத்துக்குப் போகிற விரல் ஜப்பான் மெஷினில் பழகிய விரல். நாள்கணக்கில் பழகியது.

சொல்லாமலே இருந்துவிடலாம் என்றும் ஒரு கணம் தோன்றியது. சோபாவில் நடந்ததை வேறு யாரும் பார்க்கவில்லை. சர்வேயர் முதுகைக் காட்டிக்கொண்டு கூடையருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"கிடைச்சாச்சு," என்றார் அவர்.

கையில் பச்சை உறை ஒன்று திறந்திருந்தது. உறை மேல் மட்டை ஓங்கிய ஆட்டக்காரன். உள்ளே நீலநிற டிஸ்க். அதில் ஒரு வெள்ளைக் கோபுரமும் அதன் விளக்கும். கூப்பிடாமலே அக்காவும் தம்பியும் கீழேயிருந்து சத்தம் கேட்டு ஏறி வந்துவிட்டார்கள்.

"பேஸ்பால் டிஸ்க்கை அந்த உறையில வெச்சவன், பேஸ்பால் உறையில இதை வெச்சிருக்கான். யாருமே தொடாத கூடை. கடையிலேயே பத்திரமான இடம்."

"நான் சொன்னேன்ல மேடம்!" கடைக்காரன் எழுந்துவிட்டான். "கூடையை அடுக்குறதும் மச்சான்தான். டேய், அக்கா முகத்துல எப்படிடா முழிப்பே? டாக்டர்கிட்ட நானே பேசுறேன், போலீஸ் வேண்டாம்னு கெஞ்சுறேன். ஆனா இனிமே நீ இந்தக் கடைப் பக்கம் வராதே. போயிடு."

பையன் அக்காவைப் பார்த்தான். அக்கா யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"பங்காளி," என்றான் டமாரம். குரல் அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. "அந்தக் கேம் நல்லா இருந்துச்சா?"

"எது?"

"மூணாவது புயல் வரைக்கும் போயிருக்கியே."

அக்கா தம்பியை விட்டுக் கணவன் பக்கம் திரும்பினாள்.

"பேர் போடுற இடத்துல நாலு தடவை ஆமாம்னு தட்டியிருக்காங்க மேடம்," என்று டமாரம் சர்வேயரிடம் சொன்னான். கடைக்காரன் பக்கம் திரும்ப முடியவில்லை. "தட்டினவனுக்கு ஜப்பான் எழுத்து தெரியாது. ஆனா வட்டம்தான் ஆமாம்னு தெரியும். தம்பிக்குப் படிக்கத் தெரியும். அக்காவுக்கு மெஷினே தெரியாது. இவனுக்கு விளையாட வராதுன்னு நான் சாட்சி சொன்னேன். இப்ப மூணு தடவை ஆமாம் சொல்லச் சொன்னேன். மூணு தடவையும் வட்டத்தை அமுக்கினான்."

"கை தவறியிருக்கும்டா," என்றான் கடைக்காரன்.

"முதல் தடவை நானும் அப்படித்தான் நினைச்சேன். நினைக்கணும்னுதான் ஆசை. ரெண்டு திருப்பத்தை அழகா எடுத்துட்டு, நேர் ரோட்டுல போய் சுவர்ல முட்டினியே, எனக்காக. அதுவும் கை தவறினதா?"

கடைக்காரன் சோபாவில் உட்கார்ந்தான். யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தான். பையனைப் பார்த்துத்தான் பேசினான்.

"டாக்டரோட சேர்ந்து தனிக்கடை போடப் போறே. இடம்கூடப் பார்த்தாச்சு. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? ஜப்பான்ல இருக்கிற அத்தனை கடைக்காரனுக்கும் உன்னைத்தான் தெரியும். நீ போனா எனக்கு இங்க என்ன இருக்கு? இந்தக் கறுப்புத் தாளும் பிரம்புக் கூடையும்தான். காலையில நீ வர்றதுக்கு முன்னாடி உட்கார்ந்து ஒண்ணொண்ணா ஓட்டிப் பார்த்துக் கத்துக்கிட்டேன். எழுத்துதான் ஏறல. டாக்டருக்கு உன்மேல நம்பிக்கை போகணும். அவ்வளவுதான் நினைச்சேன். அவர் போலீஸ் வரைக்கும் போவார்னு நினைக்கல."

"சொல்லணும்னுதான் இருந்தேன் மாமா," என்றான் பையன். "எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"தெரியலையாம்!"

"உங்களுக்கு மட்டும் தெரிஞ்சுதா?" பையன் முன்னால் வந்தான். "ஒரு வார்த்தை கேட்டிருந்தா போயிருக்கவே மாட்டேன். என்னைத் திருடன்னு டாக்டர் முன்னாடி சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துக்கிட்டுத்தானே சொன்னீங்க?"

அக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள். "ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிடுவீங்களேடா," என்றாள். "எனக்கு யாரை முதல்ல திட்டுறதுன்னே தெரியலையே."

டமாரம் இப்போதுதான் கடைக்காரனை நேராகப் பார்த்தான். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஊர்ல துப்பறியிறவங்களுக்கா பஞ்சம்? என்னை ஏன் கூப்பிட்டே?"

கடைக்காரன் தரையைப் பார்த்தான்.

"சொல்லு."

"வேற யாராவது வந்தா மூணு சாவியையும் பார்ப்பாங்க," என்றான் கடைக்காரன். "நீ ரெண்டைத்தான் பார்ப்பே."

எந்தக் கேள்விக்கும், எந்தத் திட்டுக்கும், எந்தச் சாவு வீட்டிலும் ஏதாவது ஒன்று சொல்லிவிடுகிற வாய் டமாரத்துக்கு. கைப்பிடியின் ஒயரைச் சுருட்டினான். சுருட்டியதை மேசை மேல் வைத்தான். அது மெல்லப் பிரிந்து தரையில் விழுந்தது.

சர்வேயர் டிஸ்க்கை அதன் சொந்த உறையில் வைத்து மூடினார். காகிதப் பட்டையை முதுகில் சரியாகப் பொருத்தினார். பிறகு டமாரத்திடம் வந்து, வழக்கத்தில் இல்லாத மென்மையோடு கேட்டார்: "டாக்டர் கிளினிக்கை மூடுற நேரம் ஆச்சு. நான் பேசட்டுமா?"

"வேண்டாம் மேடம். வாக்குக் கொடுத்தது நான்தான்."

போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் நான்கைந்து படி இறங்கி உட்கார்ந்தான். கீழே மூக்குக்கண்ணாடிக் கடையில் யாரோ எழுத்துகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். மேலே அக்கா அழத் தொடங்கியிருந்தாள்.

"டாக்டர், டிஸ்க் கிடைச்சிடுச்சு. ஒரு கீறல்கூட இல்லை. அந்தத் தம்பி எடுக்கல. புகார்ல அவன் பேரைப் போட்டுடாதீங்க." கொஞ்சம் நிறுத்தி, ஒரே மூச்சில் மீதியையும் சொன்னான். "கடை முதலாளிதான் எடுத்து ஒளிச்சு வெச்சிருக்கான். என் எதிர்லயே ஒத்துக்கிட்டான்."

"அவரா?" என்றார் டாக்டர் நம்பாமல். "சின்ன வயசுலேர்ந்தே அவரைத் தெரியும், அதுக்கு நான் பொறுப்புன்னு காலையில நீங்கதானே சார் சொன்னீங்க?"

"இல்லைங்க டாக்டர்," என்றான் டமாரம். "இன்னைக்குத்தான் அவனைத் தெரிஞ்சுது."